தம்மவர் கையால் வீழ்ந்தவர்

உஹது களத்தில் உயிர்த்தியாகம் செய்த எழுபது பெருமக்களை நாம் அடிக்கடி நினைவு கூருகின்றோம். ஹம்ஸா (ரலி) அவர்களின் வீரத்தை நம் குழந்தைகளும் அறிவர். ஆயினும் அன்று மாண்ட முதியவர் ஒருவரைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஹுஸைல் என்பது அவர் பெயர். யமான் என்று மக்களால் அழைக்கப்பட்டவர். நபித்தோழர் ஹுதைபா (ரலி) அவர்களின் அருமைத் தந்தை. அவரை வெட்டிய வாட்கள் குறைஷியருடையவை அல்ல. அவரோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்களின் வாட்கள்.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, கி.பி. 625. முதுமை காரணமாக யமானும், ஸாபித் இப்னு வக்ஷ் என்னும் மற்றொரு முதியவரும், பெண்களும் குழந்தைகளும் பாதுகாக்கப்பட்ட கோட்டையில் விட்டுச் செல்லப்பட்டிருந்தனர். எஞ்சிய சில நாட்களை வீட்டில் கழிப்பதினும் பெருமானார் (ஸல்) அவர்களோடு களத்தில் நிற்பதே மேல் என்று இருவரும் துணிந்தனர். வாளேந்தி வந்து படையினுள் புகுந்தனர். அவர்கள் வந்து சேர்ந்ததைப் படையினர் அறியார். அந்நேரம் குன்றின் மீது காவல் நின்ற வில்வீரர்கள் தம் இடத்தை விட்டு இறங்கிவிட, களம் தலைகீழாயிற்று. பின்புறம் பாருங்கள் என்றொரு கூக்குரல் எழுந்தது. அது இப்லீஸின் குரல் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம். முன்னணியினர் திரும்பித் தம் பின்னணியினர் மீதே பாய்ந்தனர். தம் தந்தை சூழப்பட்டிருப்பதைக் கண்ட ஹுதைபா (ரலி) அவர்கள், இவர் என் தந்தை, என் தந்தை என்று கதறினார்கள். குரல் எட்டுமுன் வாட்கள் எட்டிவிட்டன.

வாசக அன்பர்களே! இந்நிகழ்ச்சியை இன்று எழுதக் காரணம் உண்டு. நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து இராணுவத்திற்குச் செல்வோர் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். ஓய்வு பெற்ற ஒருவர் ஜும்ஆவிற்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஸ்ரத், எதிரியின் குண்டுக்கு அஞ்சியதைவிட, இருட்டில் நம்மவர் குண்டுக்கு அஞ்சிய இரவுகளே அதிகம். தவறிச் சுட்டுவிட்டவன் மறுமையில் என்ன பதில் சொல்வான்?" என்று கேட்டார். நின்ற நிலையில் விடை கூறத்தக்க வினா அன்று அது. கிதாபுகளையும் புரட்டினேன், நாளேடுகளையும் புரட்டினேன்.

தம்மவரையும் மாற்றாரையும் பிரித்தறிவது எக்காலத்தும் கடினமே. இதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் ஆம்பூர் மண்ணிலேயே 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஒருபுறம். சந்தா சாஹிபும் முஸஃப்பர் ஜங்கும் பிரெஞ்சுப் படையின் துணையோடு மறுபுறம். இருபுறத்துத் தலைவர்களும் கலிமா மொழிந்தவர்கள்; இருபுறத்துச் சிப்பாய்களும் இந்நாட்டவர். கொடியைத் தவிர வேறு எதைக் கொண்டு அவன் இவன் எனப் பிரிப்பது? முதியவரான நவாப் யானை மீதிருந்தவாறே சுடப்பட்டு வீழ்ந்தார். அவருக்காக வருந்துவதா, இரு முஸ்லிம் படைகள் மோதிக்கொண்டதற்காக வருந்துவதா என்பது வேறு கதை.

அன்றைய போரில் கொல்பவன் முகத்தைக் கொல்லப்படுபவன் பார்த்தான். இன்று அது இல்லை. ஆயுதத்தின் கை நீண்டுவிட்டது. மனிதனின் கண் அதே தொலைவில் நின்றுவிட்டது. இரவில் பார்க்கும் கருவியில் வெப்பம் ஒரு வெண்ணிறத் திட்டாகத் தெரியும். அத்திட்டு எந்நாட்டு வண்டி என்று அது சொல்லாது. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், உலகின் மிக நுட்பமான கருவிகளை ஏந்திச் சென்ற அமெரிக்கப் படையில், களத்தில் மாண்டவர்களுள் 35 பேர் தம் படையினரின் குண்டுகளாலேயே மாண்டனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவர்!

நம் நாட்டிற்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் காலை. பாலக்கோட்டுத் தாக்குதலுக்கு மறுநாள். பாகிஸ்தான் விமானங்கள் எல்லையை நெருங்கியதால் காஷ்மீர் வானில் பெரும் பதற்றம். ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்ட நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று பட்காம் மாவட்டத்தில் தீப்பிழம்பாக வீழ்ந்தது. உள்ளே இருந்த ஆறு வீரர்களும் மாண்டனர். தரையில் நின்ற உள்ளூர்வாசி ஒருவரும் மாண்டார். முதலில் அதை விபத்து என்றே நாடு எண்ணிற்று. ஏழு திங்கள் கழித்து, அக்டோபர் 4-ஆம் நாள், புதிதாகப் பொறுப்பேற்ற விமானப்படைத் தலைவர் பதௌரியா, நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தியது, அது பெரும் பிழை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மை பாராட்டுக்குரியது. ஆயினும் அந்த ஏழு குடும்பங்கள் ஏழு திங்கள் காத்திருந்தன என்பதையும் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? ஒவ்வொரு போர் விமானத்திலும் ஒரு கருவி உண்டு. தரையிலுள்ள ரேடார், "நீ யார்?" என்று ஓர் அலையை அனுப்பிக் கேட்கும், விமானத்திலுள்ள கருவி, குறிப்பிட்ட இரகசிய எண்ணால், "நான் உன்னவன்" என்று விடை அனுப்பும். பட்காமில் வீழ்ந்த ஹெலிகாப்டரில் அக்கருவி இயங்கும் நிலையில் இல்லை என்பதும், தரையில் இருந்தோருக்கும் மேலே பறந்தோருக்கும் இடையே செய்தித் தொடர்பு சரிவர இல்லை என்பதும் விசாரணையில் வெளியாயின.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாசகர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இக்கருவி நண்பனை மட்டுமே அறிவிக்க வல்லது. பகைவனை அறிவிக்க அதனால் இயலாது. விடை வந்தால் வருபவன் நம்மவன். விடை வராவிட்டால்? அவன் பகைவனாக இருக்கலாம். கருவி பழுதான நண்பனாக இருக்கலாம். அக்கருவியே இல்லாத பயணி விமானமாகவும் இருக்கலாம். மௌனத்திற்குப் பொருள் பகை என்று கொள்வது மனிதன் தானாகச் சேர்த்துக்கொள்ளும் முடிவேயன்றிக் கருவி கூறியது அன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலும் இதற்கொரு வழி இருந்தது. ஷிஆர் என்னும் அடையாளச் சொல் படையினருக்குக் கற்பிக்கப்பட்டது. இரவில் மோதல் நேர்ந்தால் ஹா மீம் என்று தொடங்கும் சொல்லால் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியதை ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். ஆகவே அடையாளக் கருவியும் வேண்டும், அதைச் சரியாகப் பேணவும் வேண்டும். ஆனால் அச்சொல்லை உரைக்காத எவரையும் வெட்டலாம் என்பது அதன் பொருளாகாது.

ஃபிக்ஹ் படித்த மாணவர்கள் தொடக்கத்திலேயே ஒரு விதியைக் கற்கின்றனர்: உறுதியாக உள்ளது ஐயத்தால் நீங்காது. உளூ செய்தது உறுதி, முறிந்ததா என்று ஐயம் எனில், உளூ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உளூவிற்கே இவ்வளவு பேணுதல் என்றால் மனித உயிருக்கு எவ்வளவு! மனித உயிர் மதிப்பிற்குரியது என்பது உறுதியானது. ரேடார்த் திரையில் தோன்றும் ஒரு புள்ளி பகைவனாக இருக்கக்கூடும் என்பதோ ஐயம். ஐயத்தைக் கொண்டு உறுதியை நீக்க எவருக்கு உரிமை? உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் ஒரு களத்தில், கலிமா மொழிந்த ஒருவனை, அவன் வாளுக்கு அஞ்சியே மொழிந்தான் என எண்ணிக் கொன்றுவிட்டார்கள். செய்தி எட்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள், அவன் நெஞ்சைத் திறந்து பார்த்தாயா என்னும் கருத்தில் மீண்டும் மீண்டும் வினவினார்கள். இன்றுதான் நான் இஸ்லாத்தில் இணைந்திருக்கலாகாதா என்று உஸாமா (ரலி) ஏங்குமளவிற்கு அவ்வினா அவரை வாட்டியது. பெருமானாரின் வளர்ப்பு மகனுக்குப் பிறந்த செல்லப் பிள்ளை அவர்! எனினும் சலுகை காட்டப்படவில்லை. இறைவழியில் புறப்படும்போது தெளிவாக அறிந்துகொள்ளுங்கள் என்னும் கட்டளை அந்நிஸா அத்தியாயத்தின் 94-ஆம் வசனத்தில் இருமுறை வருகின்றது.

இதனினும் வியப்பானது ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் மக்காவின் வாயில்வரை சென்ற முஸ்லிம்கள் போரிடாமல் உடன்படிக்கை செய்து திரும்பினர். பலருக்கு மனவருத்தம். ஏன் போர் தடுக்கப்பட்டது? அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 25-ஆம் வசனம் காரணம் கூறுகின்றது. மக்காவினுள் ஈமான் கொண்ட ஆண்களும் பெண்களும் மறைந்து வாழ்ந்தனர். படையினர் அவர்களை அறியார். அறியாமல் மிதித்துவிட்டால் அப்பழி படையினர் மீது சேரும். அதற்காகவே கைகள் தடுக்கப்பட்டன என்பது அதன் கருத்து. ஊருக்குள் யார் யார் என்று தெரியாதபோது படையெடுப்பையே ஒத்திவைத்த நெறி இது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும்!

இன்றைய உலகம் இதற்கு நேர் எதிராக நடக்கின்றது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் காஸாவின் ஷுஜாஇய்யாப் பகுதியில், பிணைக்கைதிகளாயிருந்த மூன்று இஸ்ரேலியர், சட்டையைக் கழற்றி, கழியில் வெள்ளைத் துணி கட்டி வெளியே வந்தனர். எவரை மீட்கவென்று படை சென்றதோ அவர்களை அப்படையே சுட்டுக் கொன்றது. வெள்ளைத் துணியோடு வரும் அரபியைச் சுடத் தயங்காத கை, வெள்ளைத் துணியோடு வரும் தன் சகோதரனையும் சுட்டது. அப்படைக்குள்ளேயே இது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. மற்ற வெள்ளைத் துணிகளுக்காக அவர்கள் அவ்வளவு அதிரவில்லை.

நம் தமிழ் மீனவர்களும் இக்கொடுமைக்குத் தப்பவில்லை. பிழைப்புக்காக வளைகுடா சென்ற இராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர், 2012 ஜூலை 16-ஆம் நாள் துபாய்க் கடற்பகுதியில், தம் படகை அச்சுறுத்தல் எனக் கருதிய அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் குண்டுகளுக்குப் பலியானார். உடனிருந்த மூவர் காயமுற்றனர். 2022 அக்டோபர் 21-ஆம் நாள் பாக் நீரிணையில், நம் கடற்படையின் ரோந்துக் கப்பலே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் படுகாயமுற்றார். ஐயத்திற்கிடமான படகு, பலமுறை எச்சரித்தும் நிற்கவில்லை என்பது கடற்படையின் விளக்கம். எச்சரிக்கை விடுத்தோம் என்று ஒருவர் சொல்வதற்கும், அது மற்றவர் காதில் விழுந்தது என்பதற்கும் இடையே எவ்வளவு கடல்!

இனி அந்த ஓய்வு பெற்ற வீரரின் வினாவிற்கு வருவோம். தவறிக் கொன்றவன் நிலை என்ன? அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் விடை தருகின்றது. வேண்டுமென்று கொன்றவனுக்குரிய தண்டனை அவனுக்கில்லை. ஆனால் இரு கடமைகள் உண்டு. ஒன்று, கொல்லப்பட்டவரின் குடும்பத்திற்கு தியத் என்னும் உயிரீட்டுத் தொகை. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. மற்றொன்று கஃப்பாரா: ஓர் அடிமையை விடுதலை செய்தல், அதற்கு வழியில்லையேல் இரு திங்கள் தொடர்ந்து நோன்பு நோற்றல். உடன்படிக்கை செய்துகொண்ட பிற சமூகத்தவர் கொல்லப்பட்டாலும் இவ்விரண்டும் உண்டு. அவர் உயிரின் ஈடும் முஸ்லிமின் உயிரீட்டிற்குச் சமம் என்பது நம் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு.

எண்ணமே இல்லாத செயலுக்குப் பரிகாரம் எதற்கு என்று மாணவப் பருவத்தில் நானும் கேட்டதுண்டு. கொல்லும் எண்ணம் இல்லையெனினும் பேணுதலில் குறை இருந்தது. அக்குறைக்கே பரிகாரம் என்று நம் சட்ட மேதைகள் விளக்குகின்றனர். நம் ஊர்த் தோல் ஷாப்புகளில் தரம் பிரிப்பவர், தோலை நல்ல வெளிச்சத்திற்குக் கொண்டுசென்று, இருபுறமும் புரட்டிப் பார்த்தே அடுக்கில் இடுகிறார். ஒரு தோல் தவறிய அடுக்கில் விழுந்தால் மறுபடி எடுத்து வைக்கலாம். எடுத்து வைக்க இயலாத பொருளுக்கு எத்தனை மடங்கு கவனம் வேண்டும்! ஆகவே, தவறுதலாக நேர்ந்துவிட்டது என்பது மார்க்கத்தில் வழக்கின் முடிவன்று. ஒப்புக்கொள்ளுதல், ஈடு வழங்குதல், இறைவன் முன் பசித்திருந்து வருந்துதல் ஆகிய கடமைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இந்நெறியை வல்லரசுகளும் கைக்கொள்ளவில்லை. வருந்தத்தக்க வகையில், நம்மவர் ஆட்சிகளும் கைக்கொள்ளவில்லை. 1988 ஜூலை 3-ஆம் நாள் வின்சென்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல், மேலேறிச் சென்றுகொண்டிருந்த ஈரானியப் பயணி விமானத்தைத் தம்மை நோக்கி இறங்கும் போர் விமானம் எனக் கருதி வீழ்த்தியது. மாண்டவர் 290 பேர். அவர்களில் 10 பேர் இந்தியர். 1996-இல் குடும்பங்களுக்கு ஈடாக 6 கோடியே 18 இலட்சம் டாலர் வழங்க அமெரிக்கா இசைந்தது. சட்டப்பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. பணம் கொடுத்து, பிழையை ஒப்ப மறுத்தது. 2020 ஜனவரி 8-ஆம் நாள் அதே ஈரான், தெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் நாட்டுப் பயணி விமானத்தை ஏவுகணையெனத் தவறாகக் கருதி வீழ்த்தி 176 உயிர்களை மாய்த்தது. மூன்று நாட்கள் மறுத்துவிட்டு, பின்னரே உண்மையை ஒப்புக்கொண்டது. முன்னதைக் கண்டித்து எழுதிய நம் பேனாக்கள் பின்னதைக் குறித்து மௌனம் காப்பது நீதியாகாது. உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ எதிராயினும் சாட்சி சொல்லத் தயங்காதீர் என்னும் கட்டளை முஸ்லிமுக்குத்தானே இறங்கிற்று?

ஒப்புக்கொள்ளும் துணிவுக்கு நம் துணைக்கண்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 1965 செப்டம்பர் 19-ஆம் நாள், போர்க்காலத்தில், குஜராத் முதலமைச்சர் பல்வந்தராய் மேத்தா பயணம் செய்த சிறு விமானம் கட்ச் எல்லையருகே பாகிஸ்தான் போர் விமானத்தால் வீழ்த்தப்பட்டது. எண்மர் மாண்டனர். அது போர் விமானம் அன்று என்பதைக் கண்ட பின்னும், தரையிலிருந்து வந்த ஆணையை ஏற்று விமானி கைஸ் ஹுசைன் சுட்டார். நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2011-இல், வீழ்த்தப்பட்ட விமானத்தை ஓட்டிய ஜெஹாங்கீர் இன்ஜினியரின் மகளைத் தேடிக் கண்டுபிடித்து, வருத்தம் தெரிவித்து மடல் எழுதினார். அப்பெண்மணி வெறுப்பின்றி, அவர் மனம் ஆறும் வண்ணம் விடை எழுதினார். இரு அரசுகளும் செய்யாததை இரு முதியவர்கள் செய்தனர்.

போரும் ஏவுகணையும் நமக்கெதற்கு, நாம் தோலும் செருப்பும் செய்து பிழைப்பவர்கள் என்று எண்ணாதீர்கள். 2018-ஆம் ஆண்டு, குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் கைப்பேசி வழியே பரவிற்று. மே 9-ஆம் நாள், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், போளூரை அடுத்த ஆத்திமூரில் கடத்தல்காரி என்று ஐயுறப்பட்டுக் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அங்கே ரேடாரும் இல்லை, இருளும் இல்லை. பகல் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தொலைவில், தமிழிலேயே அவர் மன்றாடியும் அடையாளம் தெரியவில்லை. பின்புறம் பாருங்கள் என்று உஹதில் எழுந்த அதே குரல்தான் இன்று வாட்ஸ்அப்பில் ஒலிக்கின்றது. தீயவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தெளிவாக விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்தாதீர் என்னும் கருத்துடைய அல்ஹுஜுராத் 6-ஆம் வசனத்தை, நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் எதையேனும் பிறருக்கு அனுப்பும் முன் ஓத வேண்டிய காலம் இது.

ஹுதைபா (ரலி) அவர்களைக் களத்திலேயே விட்டுவந்தோம். தந்தையின் உடலருகே நின்ற அந்த இளைஞர், வெட்டியவர்களைப் பார்த்து, அல்லாஹ் உங்களை மன்னிப்பானாக என்று துஆச் செய்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தியத் வழங்க முன்வந்தபோது அதை முஸ்லிம்களுக்கே தர்மமாக விட்டுக்கொடுத்தார்கள். பிற்காலத்தில், மதீனாவில் மறைந்திருந்த நயவஞ்சகர்களின் பெயர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நம்பிக்கையோடு ஒப்படைத்தது இவரிடமே. யார் உள்ளிருக்கும் பகைவர் என்பதை உறுதியாக அறிந்திருந்தும், எவர் பெயரையும் அவர் வெளியிடவில்லை. ஹுதைபா கலந்துகொள்ளாத ஜனாஸாவில் கலந்துகொள்ளக் கலீபா உமர் (ரலி) அவர்களும் தயங்குவார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் உண்டா என்று ஒரு நாள் உமர் (ரலி) அவர்களே கேட்டுவிட்டார்கள். இல்லை என்றார் ஹுதைபா (ரலி). இனி வேறெவர் கேட்டாலும் இதைக்கூடச் சொல்லமாட்டேன் என்றும் கூறிவிட்டார்.